கிலோ அங்கிளின் தேர்

கிளென் வேவர்லியில் உயிருள்ளது, உயிரற்றது அத்தனையின் எடையும் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுக் கிலோ அங்கிள்தான். என் எடை என் மனைவிக்கே தெரியாது. அவருக்குத் தெரியும். ஒருநாள் நல்ல மழை. ஸ்ரேஷனில் இறக்கிவிடும்படி கேட்டேன். முன்னால் கார், பின்னால் குட்டி லொறி மாதிரியான தன் யூட்டின் கதவைத் திறந்தவர் என்னை ஏறவிடாமல் மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இப்ப எத்தினை கிலோ?"

"எழுபத்தெட்டு, அங்கிள்."

"அது கலியாணத்துக்கு முந்தி. இப்பத்தைய கணக்கைச் சொல்லும்."

எண்பத்தாறு என்று ஒப்புக்கொண்டேன். "தோளிலை கொளுவின பாக்கையும் சேர்த்தோ?" என்றார். ரயில் போய்விட்டது.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் லொறி ஓட்டியவர். இங்கே வந்து ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு, படுக்கை குசினியோடு இழுத்துக்கொண்டு போகும் சில்லு வீடான ஒரு பழைய கரவனை வாங்கினார். அங்கேதான் பிடித்தது சனி.

அது லேசுப்பட்ட கரவன் இல்லை, 'ஃபிஃப்த் வீலர்', அதாவது ஐந்தாம் சக்கரக்காரன், என்ற பெரிய சாமான். மற்றக் கரவன்கள் வாகனத்தின் பின்னால் கொளுவிக்கொண்டு வரும். இது தன் மூக்கைத் தூக்கி யூட்டின் முதுகில் வைத்துக் குந்திக்கொள்ளும். அவர் மனைவி, எங்கள் அன்ரி, காலை நொண்டி நொண்டி அதைச் சுற்றி வந்து பார்த்தார். "நாலு சில்லுத்தானே கிடக்கு. அஞ்சாவதை வித்தவன் கழட்டிப்போட்டானோ?" என்று கேட்டார்.

விற்றவர் நம்மவர்தான். "உங்கட யூட் மூண்டரைத் தொன் இழுக்கும். இது அவ்வளவு வராது. தாங்கும் அண்ணை" என்று சொல்லித் தள்ளிவிட்டார். அங்கிள் வீட்டுக்கு வந்து யூட்டின் புத்தகத்தை எழுத்தெண்ணி வாசித்தார். மூன்றரைத் தொன் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் யூட்டும் கரவனும் சேர்ந்து ஆறு தொன்னை, ஆறாயிரம் கிலோவை, தாண்டக்கூடாது. முதுகில் குந்தும் மூக்கின் பாரம் வேறு யூட் சுமக்கிற கணக்கில் விழும். யூட்டுக்குள் ஏறும் அங்கிள், அன்ரி, டீசல் எல்லாமும் அதே கணக்குத்தான்.

"முழுப் பாரமும் இழுக்கிறதெண்டா யூட்டுக்குள்ளை ஒருத்தரும் இருக்கேலாது" என்று அறிவித்தார்.

"அப்ப ஆர் ஓடுறது? பிள்ளையாரோ?" என்றார் அன்ரி.

பிள்ளையாரும் சும்மா இருக்கவில்லை. சாமான் ஏற்றாத வெறும் கரவனின் எடைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. டெயர். அங்கிளின் வாயில் அது தேர். த பேசின் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரிடம், "எங்கட தேர் ரெண்டாயிரத்து எழுநூறு கிலோ. இப்ப வீட்டு வாசலிலைதான் நிக்குது" என்று சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் குளித்து முழுகி வந்து, கேற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, புதுத் தேரைப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஒருவர் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். அன்ரி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். போகும்போது கற்பூரக்காரர் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப வெள்ளோட்டம் எப்ப?"

அன்றிலிருந்து அது தேர், அவர்கள் வீட்டு வாசல் அது தரித்து நிற்கும் தேர்முட்டி.

வெள்ளோட்டம் இரண்டு வருடமாக நடக்கவில்லை. அங்கிள் ஒவ்வொரு சாமானாக எடை நிறுத்துக்கொண்டிருந்தார். குளியலறைத் தராசு, தொங்கு தராசு, பார்சல் தராசு, சில்லுக்குக் கீழே வைக்கும் நாலு பலகைத் தராசு என்று ஒரு பெட்டி நிறையச் சேர்த்தார். சாமான்களின் முதுகில் எல்லாம் கறுப்பு மையால் கிலோ எழுதினார். புளியில் கொட்டை எடுத்தால் நானூறு கிராம் குறையும் என்று கண்டுபிடித்து ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து கொட்டை எடுத்தார். அன்ரி இடியப்பம் பிழியும் உரலைக் கரவனிலிருந்து நாலு தரம் இறக்கினார். அன்ரி ஐந்து தரம் ஏற்றினார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்ரிக்கு அது சிரிப்பில்லை. அவருடைய ஒரே அக்கா நாட்டின் மறுகரையில், பேர்த்தில் முதியோருக்கான ஒற்றை அறை வீடொன்றில் இருந்தார். காதில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு அன்ரி விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் போகலாமே என்று கேட்டேன்.

"போய் நாலு மாசமெண்டாலும் அக்காவோடை இருக்கவேணும், தம்பி. அந்த ஒற்றை அறையிலை நாங்கள் எங்கை படுக்கிறது? வீட்டையும் இழுத்துக்கொண்டுதான் போகவேணும்" என்றார் அன்ரி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன கிழமை ஃபோனிலை அக்கா ரெண்டு தரம் 'நீர் ஆர்?' எண்டு கேட்டிட்டா."

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே கராஜுக்குப் போனேன். அங்கிள் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனிசன் அங்கிள் நீங்கள்? அங்கை அந்த மனுசி தங்கச்சியையே மறக்குது. நீங்கள் இஞ்சை தூள் நிறுக்கிறியள். அம்பது கிலோ கூடினா என்ன? தாங்கும்!"

கரண்டி கையில் அப்படியே நின்றது. கதிரையை இழுத்து இருந்தார். அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

"அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதையும் தம்பி. கலியாணம் கட்டி மூண்டாம் மாசம், நெல்லு மூட்டை ஏத்தினவங்கள். கூடிப்போச்சு எண்டு எனக்குத் தெரியும். எல்லாரும் தாங்கும் தாங்கும் எண்டாங்கள். நானும் தாங்கும் எண்டு லொறியை எடுத்தன். வளைவிலை லொறி குடைசாய்ஞ்சது. எனக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்திலை இருந்தது ஆரெண்டு நினைக்கிறீர்? அவவின்ரை காலைப் பாக்கேல்லையோ நீர்?"

இத்தனை வருடமும் அந்தக் காலை மூட்டு வருத்தம் என்றே நினைத்திருந்தேன். என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே போய் அவருக்கு நிறுத்துக்கொடுத்தேன்.

கடைசியில் ஒரு காலை, தேரை டண்டினோங் பக்கம் லொறிகள் நிறுக்கும் மேடைக்குக் கொண்டுபோனோம். நான் என் காரில் பின்னால் போனேன். அளவு சரியென்றால் அப்படியே பேர்த்; சரியில்லை என்றால் அப்படியே தேர்முட்டி. மேடையில் ஏற்றியதும் இலக்கம் விழுந்தது. ஆறாயிரத்து நாற்பது. நாற்பது கிலோ கூட.

அங்கிள் இலக்கத்தை இன்னொருதரம் வாசித்தார். கண் கலங்கியிருந்தது. "திருப்புவம்" என்றார். பின்னால் மண் ஏற்றிய லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

அன்ரி இறங்கி நொண்டிக்கொண்டு கரவனின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"உதென்ன பெட்டி?"

"தராசுப் பெட்டி."

"உதை நிறுத்தனீங்களோ?"

அங்கிள் பெட்டியை எட்டிப் பார்த்தார். "தராசை ஆரப்பா நிறுக்கிறது?" என்றார் மெதுவாக.

நானும் அவருமாகத் தூக்கி இறக்கினோம். இடுப்பு விட்டுப்போனது. அங்கிளும் அன்ரியும் மறுபடி யூட்டில் ஏறி இருந்ததும் இலக்கம் மாறியது. ஐயாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றேழு.

"மூண்டு கிலோ மிச்சம்!" என்று அங்கிள் கத்தினார்.

"தம்பி, உம்மட டிக்கியிலை இடியப்ப உரல் கிடக்கு. எடும்" என்றார் அன்ரி. எப்போது வைத்தாரோ, எனக்கே தெரியாது.

சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். லொறிக்காரன் ஒன்றும் விளங்காமல் இறங்கி வந்து, எங்களைப் பார்த்துத் தானும் கும்பிட்டான். தேர் அசைந்தது. தராசுப் பெட்டியோடு நான் நின்று கை காட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் அங்கிளின் அழைப்பு வந்தது.

"அக்கா தங்கச்சியை ஆரெண்டு மட்டுக்கட்டினவவோ, அங்கிள்?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"முகத்தைப் பாத்து மட்டுக்கட்டேல்லை, தம்பி. பிறகு இவ எழும்பி தண்ணி குடிக்க நடந்தா. நடையைப் பாத்திட்டு அக்கா, 'எடியே, லொறிக்காரனைக் கட்டின எங்கட சின்னவளெல்லோ!' எண்டு கத்தினா. இப்ப ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதுகொண்டு இருக்குதுகள்." அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்ரை தராசுகள் கவனமோ?" என்றார்.

"கராஜிலை இடமே இல்லை, அங்கிள். கெதியா வந்து எடுங்கோ" என்றேன்.

பச்சைப் பொய். என் கராஜில் இன்னொரு தேரே நிற்கும். நேற்று அந்தத் தராசில் ஏறிப் பார்த்தேன், எண்பத்தொன்பது. இதைக் கேட்டுப் பேச இந்தத் தெருவில் இப்போது ஆளில்லை, அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.