பரண் மேல் பெட்டியும் பனிமலைப் பையும்

சீனி மாமாவுக்கு,

உங்கள் சொர்ணம் எழுதிக்கொள்வது. இங்கே நான், இலக்கியா, ஆடு மூன்று, எல்லோரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்பதுதான் முறை, அதனால் கேட்டுவிட்டேன். எப்போதும்போல வாய்ஸில் பேசி அனுப்பலாம் என்று போன மாதம் உங்கள் குவைத் நம்பருக்கு அனுப்பிப் பார்த்தேன். நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் போல. நான் ஐந்து நிமிஷம் அழுது பேசி அனுப்பியதற்கு எவனோ ஒரு கட்டைவிரல் படம் திருப்பி அனுப்பினான். அதனால் இனிமேல் காகிதம்தான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளை நான் பனிமலைக்கு அனுப்பப் போவதில்லை. முடிவு பண்ணியாகிவிட்டது. இந்தக் கடிதம் உங்களிடம் உத்தரவு கேட்க இல்லை, தகவலுக்கு.

புதுக்கோட்டை காலேஜில் என்.சி.சி. பிள்ளைகள் பத்துப் பேரை எடுத்து இமாசலப் பக்கம் பதினான்கு நாள் ஸ்கீயிங் பழக அனுப்புகிறார்கள். அதில் உங்கள் மகள் ஒருத்தி. உங்கள் அண்ணன் குழந்தைசாமி வந்து உட்கார்ந்து விசாரித்தார்.

"அதென்ன ஆத்தா ஸ்கீயிங்கு?"

"ரெண்டு காலுலயும் நீளமா கட்டையக் கட்டிக்கிட்டு, மலை மேல இருந்து பனியில சறுக்கிக் கீழ வாரது பெரியப்பா."

"கீழதான வரணும்? அப்பறம் எதுக்கு மேல போற?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

கட்டையும் பூட்ஸும் அங்கேயே கொடுப்பார்களாம். மற்றதெல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும். இங்கிலீஷில் ஒரு லிஸ்ட், இருபத்து மூன்று சாமான். எனக்குப் புரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இலக்கியா படம் வரைந்து வைத்தாள். லிஸ்டின் தலையில் எட்டு என்று போட்டு முன்னால் ஒரு சின்னக் கோடு. "அதென்னடி கோடு?" என்றேன். "கோடு போட்டா சீரோவுக்கும் கீழம்மா. அம்புட்டுக் குளிரு" என்றாள். அன்றைக்கே என் வயிற்றில் அந்தக் கோடு விழுந்துவிட்டது.

மாமா, உங்களிடம் மறைக்க முடியாது. நானும் சாமான் தேடினேன், ஆனால் கிடைக்காத இடமாகப் பார்த்துத் தேடினேன். தை மாதம் உச்சி வெயிலில் புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் போய்க் கம்பளிச் சட்டை கேட்டேன், கடைக்காரப் பையன் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தான். உங்கள் அண்ணன் சபரிமலைக்குப் போட்டுப்போன குரங்குக் குல்லாவைக் கொடுத்தார், அதில் எலி ஏற்கெனவே ஜன்னல் வைத்திருந்தது. தையல்காரி பொற்கொடி ஒரு கம்பளிப் போர்வையை வெட்டி உள்ளே போடுகிற பேன்ட் தைத்தாள். போட்டுப் பார்த்த பிள்ளைக்கு முழங்கால் மடங்கவில்லை. வயக்காட்டுப் பொம்மை மாதிரி காலை விறைத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்தாளா, சினை ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதைப் பிடிக்க இவளும் ஓட முடியாமல் ஓட, பொற்கொடி வேலியைப் பிடித்துக்கொண்டு, "சறுக்கப் பழகுறாக்கா, சறுக்கப் பழகுறா!" என்று சிரித்தாளே பார்க்கணும். கையுறை என்று நான் வாங்கி வந்தது, கட்டுமாவடியில் இறால் உரிக்கிற பெண்கள் போடுவார்களே, அந்தச் சிவப்பு ரப்பர் உறை. பனிக் கண்ணாடிக்கு வெல்டிங் பட்டறை தமிழ்செல்வனிடம் கறுப்புக் கண்ணாடி. ஜாக்கெட்டையும் அவனேதான் ஆன்லைனில் போட்டான். எட்டாம் நம்பர் சைஸ் என்று போட்டிருக்கிறான், எட்டு வயசுப் பிள்ளைக்கு அளவாக ஒன்று வந்து சேர்ந்தது. அதைத் திருப்பி அனுப்பி வேறு வரப் பத்து நாள். இவளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தமாதிரி இருந்தது. பாவிதான் நான்.

இதற்கு நடுவில் இலுப்பூரிலிருந்து உங்கள் தங்கச்சி திலகவதி வந்து இறங்கினாள். கையில் நெய்மீன் கருவாடு இரண்டு கிலோ, புளி ஒரு கிலோ, முறுக்கு ஒரு டின். "டில்லி வழியாத்தான மதினி போறா? என் மகன் மிலிட்டரில அங்கதான இருக்கான். ரயிலடியில வந்து வாங்கிக்குவான்." வேண்டாம் என்றால் அண்ணன் போனதும் உறவும் போச்சு என்பாள். கருவாடு பையில் ஏறியது. பை பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அதை அவளே சுமந்து மலை ஏற வேண்டும். மீன் ஏலம் விடுகிறவரிடம் கொக்கித் தராசு வாங்கி வந்து மாட்டினோம், பத்தொன்பது. முறுக்கை எடுத்தோம், புளியை எடுத்தோம். கருவாட்டை எடுத்தோம், வாடையை எடுக்க முடியவில்லை.

இவள் போகாவிட்டால் அடுத்த இடத்தில் பிளெஸ்ஸி என்று ஒரு பிள்ளை காத்திருக்கிறது. தங்கமான பிள்ளை. "ஆன்ட்டி, இலக்கியாவுக்கு என் ஜாக்கெட்டு வேணும்னா குடுத்துருவேன். ஆனா அவ போகலைன்னா எனக்கு வேணும், அதான் எப்ப குடுக்குறதுன்னு தெரியல" என்று போனில் அழுதது. நான் அந்தப் பிள்ளையைச் சமாதானம் பண்ணினேன். என்னைச் சமாதானம் பண்ண ஆள் இல்லை.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் காலேஜில் என்.சி.சி. மேடம் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்ப்பார். ஜாக்கெட்டும் பனிக் கையுறையும் இல்லாத பிள்ளை அப்படியே வீட்டுக்கு. இங்கிருந்து ரெண்டேகால் பஸ்ஸை விட்டால் ஐந்துக்குள் போய்ச் சேர முடியாது. காலையில் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மகள் பரணைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா பெட்டியத் தொறந்து பாப்போம்."

போன வருஷம் கார்த்திகையில் நீங்கள் வந்து சேர்ந்த பிறகு, இருபது நாள் கழித்துக் கீரனூர் வசந்தகுமார், உங்களோடு ஒரே ரூமில் இருந்தவர், தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனாரே, அந்த அட்டைப்பெட்டி. மஞ்சள் நைலான் கயிறு கட்டினபடியே இருக்கிறது. நான் தூசி மட்டும் தட்டுவேன்.

"அதுல என்னடி இருக்கு? பாலைவனத்துல ஏசி ரூம்ல மேஸ்திரியா இருந்த மனுசனுக்குப் பனிச்சட்டை எதுக்கு?"

"வசந்தகுமார் மாமாவுக்குப் போன் போட்டேன். அப்பா ஜாக்கெட்டு அதுலதான் இருக்குன்னாரு."

"அவன் கெடக்கான். பெட்டியில கைய வச்ச, பாத்துக்க."

"பெட்டிய நெனச்சு அழுவுறியா, உள்ள இருக்கறதப் பாக்கப் பயந்து அழுவுறியாம்மா?"

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "பெட்டி கட்டிட்டுப் போன ஒருத்தரு பெட்டியிலதான் வந்தாரு. இன்னொரு பெட்டிய எறக்கி வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் லிஸ்டை மடித்துப் பையின் மேல் வைத்துவிட்டு, பொற்கொடி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மணிக்கு மேடத்துக்குப் போன் போட்டு, பிளெஸ்ஸி போகட்டும் என்று சொல்லிவிடுவாளாம். இப்போது மணி பன்னிரண்டரை.

நீங்கள் எனக்குச் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை மாமா. கட்டுமாவடி ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்துக் கை காய்த்துப்போய்ப் பெண் கேட்டு வந்தீர்கள். ஐஸ் வேலைக்காரனுக்குப் பெண் தரமாட்டேன் என்று என் அப்பா சொன்னதற்கு, இனி ஐஸ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றீர்கள். அப்படியே குவைத் போய் ஏசி ரூம் வேலை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோவில் வெள்ளைச்சட்டையோடு வருவீர்கள். பதினோரு வருஷமும் உங்களை நான் அந்த ஏசியை வைத்தே குத்திக்காட்டினேன். ஒருதரம் காலும் உதடும் வெடிக்கிறது, விளக்கெண்ணெய் கொடுத்துவிடு என்றீர்களே. "ஏசியில உக்காந்து காலு வெடிக்குதாக்கும்? களை பறிச்ச என் காலப் பாருங்க!" என்று போனைக் கீழே பிடித்து என் பித்தவெடிப்பைக் காட்டினேன். எங்கே உங்கள் காலைக் காட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, நெட் சரியில்லை புள்ள என்று வைத்துவிட்டீர்கள். "கொஞ்சம் கூடுதல் ஏசி, அம்புட்டுத்தான்" என்று மறுநாளும் சிரித்தீர்கள்.

ஆக, அவள் போகவில்லை. பெட்டியும் திறக்கவில்லை. இருக்கிற இருவரும் இருக்கிற இடத்தில் இருப்போம். நீங்களும் அங்கிருந்து அவளுக்கு ரொம்ப இடம் கொடுக்காதீர்கள். அங்கே உங்கள் அப்பாவையும் என் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும். என் அம்மாவோடு சண்டை வேண்டாம், டீயில் சீனி குறைத்துப் போட்டால் பேசாமல் குடிக்கவும்.

இப்படிக்கு,
சொர்ணம்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

அந்தப் பெட்டியில் பனிச்சட்டை எதுவும் இல்லை என்று அவள் மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டும் என்றுதான் ஸ்டூல் போட்டு இறக்கினேன். அரிவாளை வைத்ததும் கயிறு தெறித்துவிட்டது. மேலே சோப்பு, தைலம், எனக்கு ஒரு சேலைத்துணி. அதற்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு ஜாக்கெட், கன்றுக்குட்டி கனம். அதற்குக் கீழே முழங்கை வரைக்கும் கையுறை, தடித்தடியாகச் சாக்ஸ், காதை மூடுகிற குல்லா, பூட்ஸ். லிஸ்டைத் தரையில் விரித்து, படம் பார்த்துப் படம் பார்த்து எடுத்துவைத்தேன். நான் மாவட்டம் முழுக்கத் தேடினதாகப் பேர் பண்ணினேனே, அத்தனையும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. ஜாக்கெட்டில் ஒரு அட்டை குத்தியிருந்தது. உங்கள் படம், உதடெல்லாம் வெடித்து. அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, எண் தெரியும். இருபத்திரண்டு. முன்னால் அந்தக் கோடு.

ஜாக்கெட் பையில், டீயோடு கொடுக்கிற சின்னச் சீனிப் பொட்டலம் இரண்டு, பிரிக்காமல்.

போன் போட்டேன்.

"மேடத்துக்குச் சொல்லிட்டியாடி?"

"இன்னும் ரெண்டு ஆகலம்மா."

"சொல்லாத. ஓடியா. ரெண்டேகால் பஸ்ஸு."

"தொறந்துட்டியாம்மா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"பத்தாப்பு லீவுல அப்பா சொன்னாரு. கறி, மீனெல்லாம் வக்கிற ஃப்ரீசர் குடோன்லதான் வேலைன்னு. ஒங்கம்மாட்ட சொல்லிராதன்னாரு."

மறுபடி தராசில் மாட்டினோம். ஜாக்கெட்டை வைத்தால் பதினான்கு, எடுத்தால் பன்னிரண்டு. அதனால் இந்த வெயிலில் அதை மேலே போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். "என்ன பாப்பா, குளிர்காய்ச்சலா?" என்றார் கண்டக்டர். "இல்லண்ணே, எங்கப்பா சட்டை" என்றாள். கை இரண்டும் நீளம். சீனிப் பொட்டலத்தை நான் எடுக்கவில்லை, ஜாக்கெட் பையிலேயே விட்டுவிட்டேன். பஸ் திரும்புகிறவரைக்கும் ஊதாவாகத் தெரிந்தது.

அவளுக்குக் குளிர்கிறதா என்று இனி பதினான்கு நாளும் கேட்பேன், அவள் சொல்லிவிடுவாள். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். என் வெடிச்ச காலைக் காட்டி ஒங்களை நான் ஏசுனேனே, போனை மொகத்துக்குக் கீழ எறக்காம புடிச்சுக்கிட்டு நீங்க சிரிச்சீங்களே, அன்னைக்கு ஒங்க காலு எப்படி இருந்துச்சு மாமா?