அக்ரிமென்ட் அண்ணனும் அந்தத் திருட்டு விளையாட்டும்

கணினியில் எதை நிறுவினாலும் முதலில் ஒரு நீளமான ஒப்பந்தம் வரும். அதன் அடியில் 'ஐ அக்ரீ' என்று ஒரு பொத்தான் இருக்கும். உலகம் தோன்றிய நாளிலிருந்து அந்த ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். எழுதியவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். அந்த மனிதர் செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் எங்கள் கம்பெனியில் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. எங்களுக்கெல்லாம் அவர் அக்ரிமென்ட் அண்ணன்.

போலாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். பேச்சைத் தமிழில் தொடங்கி, நடுவில் ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று உருதுக்குள் புகுந்து, தெலுங்கில் வெளியே வருவார். அவர் கையில் அச்சடித்த காகிதம் எதையாவது கொடுத்துவிட்டால் அன்றைய பொழுது போயிற்று.

ஒருமுறை ஆபீஸ் மொத்தமும் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றோம். அண்ணன் டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார். எங்கள் முறை வந்தது. அவர் ஏறவில்லை.

"தம்பி, 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு போட்டிருக்கு. அப்ப யாரு பொறுப்பு?"

"அண்ணே, ஏறுங்கண்ணே, பின்னாடி ஜனம் நிக்குது."

"நக்கோ. யாருன்னு தெரிஞ்சாதான் ஏறுவேன்."

பின்னால் நின்றவர்கள் நான்கு மொழிகளில் எங்களைத் திட்டினார்கள். அவர் அசையவில்லை. குடல்வால் ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே, சம்மதப் படிவத்தில் இரண்டு பிழைகளைத் திருத்தச் சொன்னவர் அவர். மயக்க மருந்து டாக்டருக்கே அன்று லேசாக மயக்கம் வந்ததாக நர்ஸ் சொன்னாராம்.

எங்கள் கம்பெனி இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டு, வார்ப்பு அச்சு செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை. பதினாறு பேர். முதலாளி தெலுங்குக்காரர். எங்களிடமிருந்தே தமிழைக் கற்றுக்கொண்டு எங்களைத் திட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவார். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாளில் எல்லாக் கணினியிலும் இருந்தது திருட்டு சாஃப்ட்வேர். பூட்டை உடைத்து யாரோ கொடுத்தது. அண்ணன் ஒவ்வொரு கணினியாகப் பார்த்தார். பிறகு உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"உட்காரய்யா! நாற்காலி என்னோடதுதானே?" என்றார் முதலாளி.

"ஹவ் சார், நாற்காலி உங்களோடது. உள்ள ஓடுறது யாரோடது?"

மூன்று நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தார். நின்றபடியே சாப்பிட்டார். வருகிற போகிறவர்களெல்லாம் ஏன் நிற்கிறார் என்று கேட்க, அவரும் மறைக்காமல் காரணத்தைச் சொல்ல, நான்காம் நாள் முதலாளி தலையில் அடித்துக்கொண்டு வரைபட மெஷின்கள் நான்குக்கும் முறையான சாஃப்ட்வேர் வாங்கினார். மற்றவற்றுக்கு அண்ணன் ஓப்பன் சோர்ஸ் போட்டார். அதாவது, எழுதியவர்களே எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, எடுத்துக்கோ, மாத்திக்கோ, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடு என்று விட்டுவிட்ட வகை. அதற்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. அதை மட்டும் அவர் இரண்டு முறை படித்தார்.

"இந்த ஜனங்களோட புத்தி எனக்குப் புரியல தம்பி. ஒருத்தன் இந்தா எடுத்துக்கோன்னு வாசல்ல நின்னு கூப்பிடுறான். அவன விட்டுட்டு, குடுக்கமாட்டேன்னு பூட்டி வெச்சிருக்கிறவன் வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறாங்க. கைக்கு? எதுக்குங்கறேன்?"

விளையாட்டிலும் அவருக்கு அதே கொள்கைதான். மத்தியான இடைவேளையில் விளையாட ஓப்பன் சோர்ஸ் கார் பந்தயம் ஒன்றைத் தன் மெஷினில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பந்தயத்தில் அவர் இடது ஓரமாகத்தான் போவார். வளைவில் வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுவார். ஒவ்வொரு நாளும் கடைசியாக வந்து, ஒரு கீறல் கூட இல்லை பார் என்று காரைச் சுற்றிக் காட்டுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்று, மௌலா அலியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நேரம். வெளியே வீடு பிடிக்க என் வேலை ஒன்றுதான் நம்பிக்கை. அப்படிப்பட்டவன் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் வரைபட மெஷினுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. பம்ப் உறையை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்ப்பதற்காக வாங்கியது. அதன் திறமையெல்லாம் பம்ப் உறையில் வீணாகிறதே என்று எனக்கு ஒரே வருத்தம். நண்பன் ஒருவன் பென் டிரைவில் ஒரு விளையாட்டைக் கொடுத்தான். பெரிய நகரம், மழையில் பளபளக்கும் ரோடு, துரத்தும் போலீஸ். காசு கொடுத்து வாங்கினால் பாதிச் சம்பளம் போய்விடும். பென் டிரைவில் வந்ததோ பூட்டு உடைத்தது.

ஒரு சனிக்கிழமை அண்ணன் சீக்கிரம் கிளம்பினார். ஆறேகால் மணிக்கு நான் அதை என் மெஷினில் போட்டேன். ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்றது, அணைத்தேன். திருட்டு விளையாட்டிலும் வெட்கமில்லாமல் ஒரு ஒப்பந்தம் வந்தது. ஐ அக்ரீ என்றேன். ஒரு மணி நேரம் போலீஸிடம் மாட்டாமல் ஊரைச் சுற்றிவிட்டு, மிகுந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். எங்களுக்கு வேலை கொடுப்பது ஒரே ஒரு பெரிய பம்ப் கம்பெனி. அங்கிருந்து பதினொரு மணிக்கு ஒரு மேடம் சோதனைக்கு வருகிறாராம். எந்தக் கணினியிலும் திருட்டுச் சரக்கு இல்லை என்று உறுதிமொழி சனிக்கிழமையே போய்விட்டதாம். கையெழுத்து, அக்ரிமென்ட் அண்ணனுடையது.

"நம்ம ஆளு கையெழுத்துப் போட்டா அது கல்வெட்டு. ஒரு பயமும் இல்லை" என்றார் முதலாளி.

நான் ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்து, அந்த விளையாட்டை நீக்கு என்று அழுத்தினேன். திரையில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. இன்னும் இருபது நிமிடம் என்றது. கொஞ்சம் பொறுத்து, முப்பத்தைந்து நிமிடம் என்றது. எதிர்ப் பக்கம் அண்ணன் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு மெஷினாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். என்னுடையது ஐந்தாவது. அவர் இரண்டாவதில் இருந்தார்.

"அண்ணே, டீ வந்திருக்கு, ஆறிடும்" என்றேன்.

"ஆறட்டும்."

மூன்றாவது. பச்சைக் கோடு பாதியில் நின்றது. ஏதோ ஒரு ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறதாம், நீக்க முடியாதாம். மறுபடி அழுத்தினேன். மறுபடி அதையே சொன்னது. நான்காவது. மெஷினை அணைத்துவிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா என்று சுவிட்சில் கை வைத்தேன். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து ஒரு பொய்யும் வரவில்லை.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு."

சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குப் போட்ட?"

"ஆறேகால்."

"நான் கையெழுத்துப் போட்டது அஞ்சு மணிக்கு. அப்ப போடும்போது உண்மைதான்." ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கும் மூச்சு வந்தது. "ஆனா இன்னிக்கு அந்தம்மா கேப்பாங்க."

"அழிச்சுடலாம்ணே! இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு."

"நீ அழிச்சது பாதி. பூட்டு உடைக்கிற அந்த கிராக்கு வேற என்னென்ன தூவிட்டுப் போயிருக்கோ, எவனுக்குத் தெரியும்? இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

செய்தி முதலாளிக்குப் போய்விட்டது. அவர் ஓடிவந்தார். "அந்த டப்பாவைத் தூக்கிப் பாத்ரூமில் வை! பதினாறு பேர் சோறுய்யா!" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் தனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் செலவு செய்தார். அண்ணன் மெஷினின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார். தன் மேஜைக்குப் போய் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு வந்து, என் மானிட்டரில் செலோ டேப் போட்டு ஒட்டினார். 'இந்தக் கணினியில் அனுமதியில்லாத விளையாட்டு ஒன்று உள்ளது. நிறுவிய நேரம் சனி மாலை 6.15. கண்டுபிடித்த நேரம் திங்கள் காலை 10.10.' கீழே கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப்.

முதலாளி அதைப் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கிழிக்கக் கையை நீட்டினார்.

"சார், அது மட்டும் நக்கோ. என்னை நம்புங்க" என்றார் அண்ணன்.

பதினொன்றுக்கு மேடம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். முதல் நான்கு மெஷினைப் பார்த்துத் தலையாட்டினார். ஐந்தாவதின் முன்னால் நின்று அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"இது யாருங்க ஒட்டுனது?"

"நான்தான் மேடம்."

"எதுக்குங்க?"

"உள்ள இருக்கு மேடம். அதான்."

"ஒளிச்சு வெக்கறவங்களத்தான் நான் பாத்திருக்கேன். நோட்டீஸ் ஒட்டறவர இப்பத்தானுங்க பாக்கறேன். ஆனா ஆர்டரை நிறுத்தச் சொல்லித்தான் நான் எழுதியாகணும். தப்பா நெனைக்காதீங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் அலமாரியிலிருந்து அந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். தலையணை உயரம் இருக்கும்.

"எழுதுங்க மேடம். அதுக்கு முன்னாடி முப்பத்தொண்ணாம் பக்கம் ஒரு தடவை பாத்துருங்க."

மேடம் படித்தார். சோதனைக்கு வருகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே நாமாகக் கண்டுபிடித்து எழுத்தில் தெரிவித்துவிட்டால் ஆர்டரை நிறுத்த வேண்டியதில்லை, ஏழு நாளில் சரிசெய்தால் போதும் என்று அதில் இருந்தது. மேடம் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது எங்க அக்ரிமென்டுதானுங்களா?" என்று கேட்டார். முதலாளி கண்ணைத் திறந்தார். யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"கீழ இன்னும் இருக்குதுங்களே" என்றார் மேடம். "பொறுப்பானவர் பேர் எழுதோணும். ஒண்ணு, மெஷின்ல உக்கார்றவர். அப்படின்னா அவர எங்க வேலையில இருந்து எடுத்தரோணும். இல்லீன்னா, மெஷினப் பாத்துக்கறவர். அப்படின்னா ஒரு வருசத்துக்கு அவரு கையெழுத்த நாங்க ஏத்துக்க மாட்டோம். யார் பேருங்க?"

எங்களிடம் அவர்கள் வேலையைத் தவிர வேறு வேலை இல்லை. என் பெயர் என்றால் நான் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். வாய் திறக்கவில்லை. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை வாங்கி, கோணல்மாணல் இல்லாமல், தன் பெயரை எழுதினார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மேடம் வருவதற்கு முன்பே அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த மாதமே இன்னொரு உறுதிமொழிப் படிவம் வந்தது. அண்ணன் எல்லா மெஷினையும் பார்த்து டிக் போட்டு, தன் கையெழுத்து செல்லாது என்பதால் காகிதத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி ஃபோனில் பேசிக்கொண்டே, ஒரு வரி கூடப் படிக்காமல் கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தார். அண்ணன் மை காயும்வரை பக்கத்தில் கைகட்டி நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, என் பேரையே எழுதியிருக்கலாம்" என்றேன் மத்தியானம்.

"ரெண்டு பேர்ல யார வேணும்னாலும் எழுதலாம்னுதான் போட்டிருந்தது. ரெண்டும் உண்மைதான். சாப்பிடு."

அந்த ஒரு வருஷத்தில், மாதம் ஒரு படிவமாக, பன்னிரண்டு முறை அவர் அப்படி நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனி மாறிவிட்டேன். இப்போது என் வீட்டில் இருக்கும் விளையாட்டுகள் எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் திருந்திவிட்டேன் என்று நீங்களும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். யாராவது பென் டிரைவை நீட்டினால் இப்போதும் கை பரபரக்கத்தான் செய்கிறது. நினைப்பில்கூட அந்த மனுஷன் இன்னொரு தடவை அப்படிக் கைகட்டி நிற்பதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.