ரிமெம்பர் மீ டு ஐரின்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
1947 ஜூன், வெள்ளிக்கிழமை

சிந்தாதிரிப்பேட்டை மைத்துனர் மகா-ள-ள-ஸ்ரீ ராஜநாயகம் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஆரோக்கியநாதன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் உமது தங்கை ஃப்ளோரன்ஸும் சுகம். எங்கள் மகள், உமது மருமகள் ஐரின் சுகத்துக்கும் மேலே.

மச்சான், ஜெயித்துவிட்டேன்! ஈஸ்டருக்குப் பெண் பார்த்துவிட்டுப் போன குண்டக்கல் ரயில்வே மாப்பிள்ளை லியோனார்ட் மூச்சே விடவில்லை, மறந்திருப்பான், ஒரு ரிமைண்டர் போடும் என்று குடைந்தீரே, போட்டேனா? ரிமைண்ட் என்பது குப்பை அள்ள ஆள் வரவில்லையே என்று முனிசிபாலிட்டிக்கு எழுதுகிற சொல். என் பெண் என்ன குப்பைத்தொட்டியா? ஒரு கூடை மாம்பழம் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை நன்றி சொல்லிக் கடிதம் வந்ததய்யா! தாளின் அடியில் என்ன வரி தெரியுமா? "ரிமெம்பர் மீ டு ஐரின்!" ரிமைண்டோ ரிமெம்பரோ, எல்லாம் ஞாபகம்தானே, இதில் என்ன பெரிய இது என்பீர். உமது இங்கிலீஷ் அவ்வளவுதான். ரிகலெக்ட் என்றால் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தலையைச் சொறிந்து தேடிப் பிடிப்பது. ரீகால் என்றால் கோர்ட்டில் வக்கீல் மிரட்டும்போது வரவழைத்துச் சொல்வது. ரிமெம்பருக்குத் தேடலே கிடையாது ஓய், உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்! ஐரின் மனசில் என்னை அப்படி உட்கார வையுங்கள் என்று பையன் கெஞ்சுகிறான். ஃப்ளோரன்ஸ் என்னடான்னா, "அதெல்லாம் எனக்கு வேணாங்க, பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்காரா, அதைச் சொல்லுங்க" என்று நச்சரிக்கிறாள். இதைவிடத் தெளிவா எவன் எழுதுவான்? சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இன்னாருக்கு இன்னார் என்று ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்கச் சாமியாரிடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாச்சு. வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் ஆச்சு. நீர் கோட்டு தைக்கக் கொடும்.

ஆண்டவர் உமக்குத் தேக சுகமும், கொஞ்சம் இங்கிலீஷும் அருள்வாராக.

இப்படிக்கு,
ஜெயசீலனாகிய உமது மைத்துனன்
ஆரோக்கியநாதன்

பி.கு.: கடிதத்தை ஐரினிடம் காட்டினேன். அவள் தாளைத் திருப்பினாள். காலையில் நான் திருப்பவில்லை. பின்பக்கத்தில், "அண்ட் கைண்ட்லி ரிமெம்பர் மீ டு ஜிம்மி" என்று இருக்கிறது. ஜிம்மி எங்கள் நாய். "நான் விசாரிச்சதாச் சொல்லுங்கன்னு அர்த்தம்பா, அவ்வளவுதான்" என்கிறாள். சாமியார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், நீர் உடனே புறப்பட்டு வாரும். இவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்: "எனக்கு வெறும் ரிமெம்பர், ஜிம்மிக்குக் கைண்ட்லி ரிமெம்பர். ஓலையில நீங்க அவன் பேரைத்தாம்பா குடுத்திருக்கணும்!"