நிலைப்படி ஆட்டக்காரி

விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் பொறுப்பற்றவர்களால் நிறைந்தது இவ்வுலகம். ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், வியர்க்கிறார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். விளையாட்டுக்கென்றே தன்னை ஒப்புக்கொடுத்த உத்தமமான குடும்பம் ஒன்றைத் தரிசிக்க வேண்டுமென்றால், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே யாரும் ஓடியதில்லை. லிஃப்ட் பழுதான நாட்களில் யாரும் கீழே இறங்கியதுகூட இல்லை.

குடும்பத் தலைவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'நடுவர்' என்று பெயர். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடும்போது, மைதானத்து நடுவர் சொன்ன எந்தத் தீர்ப்பையும் அவர் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை என்பதால் கிடைத்த கௌரவம் அது.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்ததே விளையாட்டின் தயவால்தான். பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கல்லூரியில் கைப்பந்து அணியின் தலைவி. கல்யாணம் பேச வந்தபோது அலமாரியில் இருந்த கோப்பைகளைப் பார்த்த நடுவர், தேசிய கீதம் கேட்டவரைப் போல விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம வீட்ல ஒரு ஆட்டக்காரி இல்லையேன்னு இருந்த குறை இன்னியோட தீர்ந்துது!"

கல்யாணத்துக்குப் பிறகு கோப்பைகளும் வந்து சேர்ந்தன. பெரியதில் ரிமோட்டுகளைப் போட்டு வைத்தார்கள். "உன் கப்பு ரொம்ப உபயோகமா இருக்கும்மா" என்று மாமனார் வாயாரப் பாராட்டினார்.

மற்ற குடும்பங்களைப் போல ஆட்டத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர் இவர்கள். தங்கள் அபிமானக் கால்பந்து அணியான பச்சைச் சட்டையின் வெற்றியில் தங்களுக்கு உள்ள பங்கை 'அறிவியல்பூர்வமாக' ஆராய்ந்து நிலைநாட்டியவர்கள். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவன் வலது காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்தால் அணிக்கு நல்லது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த கொழுந்தன், பெனால்டி சமயத்தில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் மாமியார் போய்க் கதவைத் தட்டிச் சொல்வார். மாமியாருடைய தியாகம் எல்லாவற்றிலும் பெரியது. என்றோ ஒரு நாள் அவர் ஊசியில் நூல் கோக்கத் திரும்பிய நேரத்தில் அணி அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுத் தொலைத்தது. அன்றிலிருந்து டிவிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி உட்கார வைக்கப்பட்டார். கணக்கற்ற ஆட்டங்களை 'பார்த்த' அந்த ரசிகை, ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

புது மருமகள் வந்த முதல் வாரம், தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றபோது பச்சைச் சட்டை கோல் போட்டது.

"அசையாதே!" என்று மூன்று ஆண்குரல்கள் ஒன்றாகக் கத்தின.

அவ்வளவுதான். பலருக்கு வருடக்கணக்கில் புகுந்த வீட்டில் ஒரு நிலை கிடைப்பதில்லை. அவளுக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது: சமையலறை நிலை. அதில் தோளைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு வருடங்களாக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நின்றாள். கால் மரத்துப்போனால் மாற்றிக்கொள்ளலாம். பந்து எதிராளியிடம் இருக்கும்போது மட்டும்.

இப்படியிருக்கையில் ஆஸ்பத்திரிகளுக்கிடையே கைப்பந்துப் போட்டி வந்தது. வேலை முடிந்ததும் வண்டிகள் நிறுத்துமிடத்தில் யாருக்கும் தெரியாமல் பழகிக்கொண்டிருந்த அவளுடைய அணி, யாரும் எதிர்பாராமல் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதே சாயங்காலம்தான் பச்சைச் சட்டைக்கும் இறுதி ஆட்டம்.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். கரண்டிகள் நின்றன. அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது.

"போகக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையேம்மா" என்றார் நடுவர், நடுநிலைமையோடு. "அசையக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"உன் மேட்ச்சை வேற நாளைக்கு வெச்சுக்கச் சொல்லேன்" என்றான் கணவன். "யாரு பார்க்கப் போறா அதை? இதை உலகமே பார்க்குது."

"நான் போகலைன்னா அஞ்சு பேர்தாங்க இருப்பாங்க. ஆடவே விட மாட்டாங்க. தோத்ததா எழுதிடுவாங்க."

"அப்ப நாங்க தோத்தா பரவாயில்லையா?"

'நாங்க' என்று அவன் சொன்னபோது குரல் தழுதழுத்தது. கொழுந்தனுக்கு மட்டும் இளகிய மனசு. "அண்ணியோட செருப்பை நிலையில வெச்சுப் பார்க்கலாமாப்பா?" என்றான். செருப்புக்கும் அணியின் வெற்றிக்கும் தொடர்பிருப்பதாக ஆதாரம் ஏதும் இல்லையென்று தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. மாமியாரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர் சுவர்ப் பக்கத்து உறுப்பினர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மருமகள் நிலையில் நின்றாள். விளையாட்டுப் பை சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே இருந்தது. இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அணியின் தலைவியான ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அனுப்பியிருந்தாள்: 'வர்றியா, இல்லை நாங்க வீட்டுக்குப் போகட்டுமா?' ஆண்கள் மூவரும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அந்த அறையிலேயே டிவியைப் பார்க்காத ஒரே ஆளின் பார்வை மட்டும் அவள்மேல் இருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று மாமியார் உதடசைத்துக் கேட்டார்.

"இன்னும் அரை மணியில, அத்தை."

"நான் சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்னு இவங்க நினைப்பு. ரெண்டு வருஷமா உன்னைத்தான் பார்த்துட்டிருக்கேன். பையை எடு. நானும் வர்றேன்."

"நீங்களா? தெரிஞ்சா மாமா…"

"முதுகைக் காட்டி உட்கார்றதுக்கு இந்த வீடுதான் வேணுமா? அங்க வந்து காட்றேன்."

வெளிவாசலுக்குப் போக டிவியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் கணவனின் குரல் சீறியது.

"குறுக்க நிக்காதே, நகரு!"

கணவன் சொல்லைத் தட்டாமல் நகர்ந்தாள். கதவு மூடிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக்கூடத்தை ஒட்டிய தார்த்தரையில் வலை கட்டியிருந்தார்கள். கைக்கட்டுப் போட்ட சில நோயாளிகளும், ஒரு பல்மருத்துவரும், வேலைக்குத் திரும்ப மனமில்லாத துப்புரவுப் பெண்களும்தான் கூட்டம். மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் பழக்கதோஷத்தால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதல் சுற்று கைவிட்டுப் போனது. இரண்டாவது சுற்றில் கைத்தட்டல் கேட்டதும் நாற்காலியோடு திரும்பினார்.

தன் வீட்டு நிலையில் துடைப்பம் போலச் சாத்தி வைக்கப்பட்டிருந்த பெண், வலைக்கு மேல் எழும்பி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பந்தை ஓங்கி அறைந்தாள். எதிரணிக்காரி ஒதுங்கித்தான் உயிர் பிழைத்தாள்.

"அம்மாடி!" என்றார் மாமியார். அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து எது, உள்ளே விழுந்த பந்து எது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் கத்தினார். மூன்றாவது சுற்றில் மருமகள் பந்துக்காகப் பாய்ந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டபோது, பார்த்துக்கொண்டிருந்த பல்மருத்துவரிடமே, "நின்னு வேடிக்கை பார்க்கிறீங்களே, மருந்து போடுங்களேன்!" என்று சீறினார். அந்தச் சுற்றையும் ஆட்டத்தையும் அவர்கள் ஜெயித்தார்கள். அழுத்திப் பிடிக்க மாமியாரின் கை கிடைத்தபோதுதான் மருமகளுக்கு அழுகை வந்தது.

கழுத்தில் பதக்கமும் முழங்காலில் கட்டுமாக அவள் படியேற, மாமியார் பையைச் சுமந்து வந்தார். வீட்டில் இழவு விழுந்த அமைதி. கடைசி நிமிடத்தில் பச்சைச் சட்டை பெனால்டியில் தோற்றிருந்தது. குளியலறைக்குள்ளிருந்து, "என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கொழுந்தனின் ஈனக்குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிச் சொல்ல ஆள் இல்லாததால் அவன் இன்னும் வெளியே வரவில்லை.

நடுவர் அப்போதே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"எப்போ நிலையை விட்டு அசைஞ்சே?"

"முதல் பாதியிலயே, மாமா."

"கேட்டியாடா!" என்று மகனிடம் கையை விரித்தார். "குடும்பத்துக்காகக் கொஞ்ச நேரம் நிக்க முடியலை. விளையாட்டுன்னா என்னன்னு தெரியுமாம்மா உனக்கு? அர்ப்பணிப்பு! ஒற்றுமை!"

மருமகளின் கழுத்தில் ஆடிய பதக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கணவன் அதையும் பார்க்கவில்லை. திரையில் மறு ஒளிபரப்பு ஓடியது.

"நாங்க ரெண்டு பேரும் இல்லைன்னு எப்போ கவனிச்சீங்க?" என்று மாமியார் நிதானமாகக் கேட்டார். இப்போது சுவரை அல்ல, நடுவரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"தோத்ததும்தான். காரணத்தைத் தேடினோம், திரும்பிப் பார்த்தோம்."

"சரி. ஜெயிச்சிருந்தா?"

நடுவர் வாழ்நாளில் தவறான எடையை அனுமதிக்காதவர். நன்றாக யோசித்தார். பிறகு, இதுகூடப் புரியவில்லையா என்ற ஆச்சரியத்தோடு சொன்னார்:

"ஜெயிச்சிருந்தா உங்களை எதுக்குத் தேடப்போறோம்?"