பொய் சொன்னபோது நம்பிய முள், உண்மை சொன்னபோது நம்பாத முள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனன் வெண்டலுக்கு, விஸ்கான்சினிலிருந்து எல்ராய் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா ஆர்லிஸும் இங்கே உயிரோடு இருக்கிறோம். எல்லாரும் சம்பிரதாயத்துக்கு எழுதுகிற வரிதான், ஆனால் இந்த முறை அது செய்தி. மினசோட்டாவில் உன் பசுக்களும் நீயும் நலம் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் நீள டிரெய்லரைக் கொண்டுவந்து என் விமானத்தை ஏற்றிக்கொண்டு போய்விடு. அதில் நீ கோழி வளர்த்தாலும் சரி, வைக்கோல் அடைத்தாலும் சரி, நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா கிடக்காமல், ஆர்லிஸின் கார் நிற்க வேண்டிய கராஜில் விமானம் கட்டினேன், ஒன்பது குளிர்காலமும் அவள் காரிலிருந்து பனியைச் சுரண்டினாள், இதெல்லாம் உனக்குத் தெரியும். போன வசந்தத்தில் அது பறந்தது. பறந்ததும் ஆயில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய் நின்றுகொண்டது. இறங்கினேன். மறுபடி ஏறினேன், மறுபடி சிவப்பு. எங்கள் விமானத் திடலில் பக்கத்துக் கொட்டகைக்காரன் போகோர்னி, தானே மூன்று விமானம் கட்டியவன், வந்து பார்த்து, "ஆயில் கூலர் சின்னது எல்ராய், பெருசா போடு" என்றான். போட்டேன், அதற்காக என்ஜின் மூடியில் ஓட்டை வேறு வெட்டினேன், முள் அசையவில்லை. அடுத்த கொட்டகை வெர்னெட்டா, முன்னாள் நர்ஸ், இப்போது விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறவள், "சென்சார் செத்திருக்கும், கொதிக்கிற தண்ணியில போட்டு, தெர்மாமீட்டரோட ஒத்துப்போகுதான்னு பாரு" என்றாள். ஆர்லிஸின் சூப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின. சென்சார் நல்லது. அதற்கப்புறம் இந்த வீட்டில் எந்தச் சூப்பும் நல்லதாக இல்லை. சரி, மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று புதிது மாட்டினேன். அதுவும் புத்தம் புதிதாகச் சிவப்பைக் காட்டியது.

கடைசியில் ஆர்லிஸை உள்ளே உட்காரவைத்து, முள்ளைப் பார்த்துச் சொல்லு என்றுவிட்டு, நான் வெளியே நின்று கையை நீட்டி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டேன்.

"எல்ராய், லைட்டு போட்டா எண்ணெய் சூடாகுமா?"

"ஆகாது."

"இங்க ஆகுதே. அணை. பாரு, ஆறிடுச்சு. போடு. பாரு, கொதிக்குது. இவ்வளவு வேகமா என் அடுப்புகூடக் காய்ச்சாது."

எர்த் ஒயர், வெண்டல். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு எர்த் அந்த ஒரே ஒயர்தான், அதன் முனையை நான் ஆசை ஆசையாகப் பூசிய பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தேன். பெயிண்டு கரண்டைச் சரியாக விடாது, அதனால் லைட்டு போட்டபோதெல்லாம் முள் பொய் சொல்லியிருக்கிறது. பெயிண்டைச் சுரண்டி, தடித்த ஒயர் போட்டதும் எல்லா முள்ளும் சர்ச் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? ஆயில் பிரஷருக்கும் ஒரு புதிய சென்சார் வாங்கி, சின்னப் பித்தளை இணைப்பில் நேராக என்ஜினிலேயே திருகினேன். போகோர்னி தலையில் அடித்துக்கொண்டான். "டேய், அது கனமான சாமான். என்ஜின் ஆட்டத்துல பித்தளை ஒடிஞ்சிடும். அதைத் தனியா என்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டுல மாட்டிட்டு, அங்கருந்து ஹோஸ் கொண்டு வா." கூலர் சின்னது என்று சொன்ன ஆள்தானே என்று நான் காதில் வாங்கவில்லை.

போன ஞாயிறு, அடுத்த ஊர் விமானத் திடலில் பான்கேக் விருந்து. ஆர்லிஸ் முதல்முறையாக என்னோடு ஏறினாள், நல்ல நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு. பாதி வழியில் சொன்னாள்:

"எல்ராய், பிரஷர் முள் இறங்குது."

"பொய் சொல்லுது. லைட்டை அணை."

"லைட்டே போடலையே."

"அப்ப வேற எங்கயோ எர்த் கோளாறு. எனக்கு இதுங்க குணம் தெரியும்."

"சூடும் ஏறுது."

"அதேதான், எர்த் கோளாறு."

"கண்ணாடி மேல வழியுதே எண்ணெய், அதுவும் எர்த் கோளாறா?"

வெண்டல், பித்தளை ஒடிந்திருந்தது. ஆயில் பிரஷர் இருக்கிறதா என்று சொல்ல நான் வைத்த சாமானே ஆயிலை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது! என்ஜினை அணைத்தேன். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஆர்லிஸ்தான், "இடது பக்கம் புல்வெளி, வேலி இல்லை" என்றாள். அங்கே இறங்கினோம். டிராக்டரில் வந்த விவசாயி எங்களை மேலும் கீழும் பார்த்து, "அடி ஒண்ணும் படலையே? படலன்னா சரி. ஆனா நீங்க நிக்கிறது என் மாட்டோட சாப்பாட்டு மேல" என்றார்.

அவருடைய வண்டியில் வீடு திரும்பும்வரை ஆர்லிஸ் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயந்துபோய்விட்டாள் என்று புரிந்துகொண்டேன். பொய் சொன்னபோதெல்லாம் அந்த முள்ளை நம்பி உருகினேன். உண்மை சொன்ன ஒரே நாளில், அவளை அருகில் வைத்துக்கொண்டு, நம்பவில்லை. நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எதைப் பார்த்தாலும் சந்தேகம். காரில் பெட்ரோல் முள், சமையலறைக் கடிகாரம், எதையும் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் பயம். நான் இனி பறக்கத் தகுந்தவன் இல்லை. சீக்கிரம் வா.

உன் மனைவிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்களில் யாராவது விமானம் கட்ட நினைத்தால் அது ரத்து.

நொந்துபோன உன் அத்தான்,
எல்ராய் சண்ட்குவிஸ்ட்

பி.கு.: டிரெய்லர் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் ஆர்லிஸ் இதைப் படித்துவிட்டாள். "அவனை யாரு வரச் சொன்னது?" என்றாள். நீ பயந்தாயே என்றேன். "பயந்தேன்தான். என்ஜின் நின்னப்புறம் காத்துச் சத்தம் மட்டும் கேட்டுச்சே, கீழ மாடெல்லாம் தலை தூக்கிப் பாத்துச்சே, அப்ப பயம் போயிடுச்சு. உன் என்ஜின் நின்னது எனக்குப் பிடிச்சுதுன்னு சொன்னா உன் மூஞ்சி இன்னும் வாடிடும்னு சும்மா இருந்தேன்" என்றாள். ஹோஸை நேற்றே போகோர்னியிடம் வாங்கி வைத்துவிட்டாளாம். வெர்னெட்டாவிடம் பறக்கக் கற்றுக்கொள்ளப் பேரும் கொடுத்துவிட்டாளாம். இனி ஓட்டுவது அவள். எனக்கு முள் பார்க்கிற வேலை. நான் பார்த்துச் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்பதை மட்டும் அவளே முடிவு செய்துகொள்வாளாம்.