ஜெரால்டு வண்டி நிமிர்ந்த கதை

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி காலியாக நிற்கும்போது முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும். சரக்கு ஏறியதும் பின்பக்கம் அமுங்கி வண்டி சமமாகிவிடும். வண்டி செய்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. இதற்கு நாளது தேதி வரை யாரும் ஆட்சேபம் தெரிவித்ததில்லை. ஆனால் எங்கள் கட்டுமாவடிக்கு வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வேலை இல்லாத மனிதனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அப்படித்தான் ஜெரால்டின் வண்டி சந்தோஷ்குமார் கண்ணில் பட்டது. இருவருமே மீன் லோடு அடிப்பவர்கள். சந்தோஷ்குமார் சின்ன வயசு. போனில் வீடியோ பார்த்துத் தன் வண்டிக்கு ‘லெவலிங் கிட்’ போட்டு, முகப்பைத் தூக்கி நிறுத்தியிருந்தான்.

“என்ன அண்ணே, ஒங்க வண்டி போறவன் வாறவன எல்லாம் கும்பிட்டுக்கிட்டே நிக்கிது?” என்றான்.

படகுத் துறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அங்கே ஐஸ் வியாபாரம் செய்கிற நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

ஜெரால்டு அன்று மதியம் சோறு சாப்பிடவில்லை. அவர் மனைவி அடைக்கலமேரி கேட்டார்: “வண்டி குனிஞ்சா ஒங்களுக்கு என்னங்க? நீங்க நிமிந்துதானே ஓட்டுறீங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் தன்மானத்துக்கு அடிபட்டவனிடம் நியாயம் பேசிப் பிரயோசனம் இல்லை. மறுநாளே வண்டி கோபிநாத்தின் பட்டறைக்குப் போனது. கோபிநாத் முன்சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு அங்குல இரும்பு வளையங்களை வைத்து முடுக்கினார். பிறகு கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வண்டியின் மேல் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். ஜெரால்டு சிலுவை போட்டுக்கொண்டார். கோபிநாத் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எது வேலை செய்தாலும் சரிதான்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி வண்டியைக் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. பதினைந்தாம் தேதி தடை முடிந்து படகு போகும். இலுப்பூரில் மீன் கடை வைத்திருக்கும் செல்வராணி போனிலேயே சொல்லிவிட்டார்: “மொத லோடு வரலேன்னா நான் வேற வண்டிக்காரரப் பாத்துக்குவேன் அண்ணே. கோவிச்சுக்கக் கூடாது.” இலுப்பூர் லோடுதான் ஜெரால்டின் வருஷ வருமானத்தில் பாதி. அது போனால் வண்டியே போன மாதிரி.

ஜெரால்டுக்குத் துணையாக நானும் போனேன். சான்று கொடுக்கிற அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஆய்வாளர் பெயர் ரெங்கராஜ். யாரிடமும் கை நீட்டாதவர். அதுதான் ஆபத்து. கை நீட்டுகிறவரிடம் எப்படியாவது பேசி முடித்துவிடலாம்.

கிழக்குப் பார்த்து நின்ற வண்டியை ரெங்கராஜ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். “வண்டி பின்னால சாஞ்சிருக்கே?”

“சார், வண்டி சமமாத்தான் இருக்கு. ஒங்க தரைதான் மேக்கால சரிஞ்சிருக்கு” என்றார் ஜெரால்டு.

ரெங்கராஜ் கோபப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். ‘இவ்வாய்வுத் தளம் முற்றிலும் சமதளமாக அமைக்கப்பட்டுள்ளதெனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று அதில் இருந்தது.

“தரைக்கு சர்டிபிகேட் இருக்கு. ஒங்க வண்டிக்கு இருக்கா?”

“அத வாங்கத்தானே சார் வந்திருக்கேன்.”

அப்போது, ஜெரால்டு இங்கேயும் சக்கரத்தடியில் வைத்திருந்ததில் நசுங்காமல் தப்பிய எலுமிச்சம்பழம் ஒன்று மெதுவாக மேற்கே உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“பாருங்க சார், தானா உருளுது.”

“உருண்டையா இருக்கிறது உருளத்தாங்க செய்யும்.”

“மழைத் தண்ணியும் அங்கிட்டுத்தானே சார் ஓடுது?”

“அது தண்ணியோட பழக்கம்” என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் எழுதினார்: ‘மேற்படி வாகனம் சமதளத்தில் நிறுத்தப்பட்டபோது, தக்க காரணமின்றிப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கண்டறியப்பட்டது.’

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக ஜெரால்டின் வண்டி முன்னால் குனிந்திருந்ததால்தான் இந்தச் சரிவில் சமமாகத் தெரிந்திருக்கிறது. உடனே கிட்டைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். ரெங்கராஜ் காதில் விழுந்துவிட்டது.

“கழட்டுறதுன்னா மாற்றத்துக்கு மனுப் போடணும். போட்டதுக்கும் நீங்க மனுப் போடல. மொதல்ல போட்டதுக்கு அனுமதி வாங்கிட்டு, அப்பறம் கழட்டுறதுக்கு அனுமதி வாங்குங்க. ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும்.”

மறுநாள் ஜெரால்டு புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். வண்டியைத் திருப்பி, மேற்குப் பார்த்து நிறுத்தினார். இப்போது வண்டி முன்னால் சாய்ந்தது.

“பாருங்க சார். இங்கிட்டு நிறுத்துனா முன்னால சாயுது, அங்கிட்டு நிறுத்துனா பின்னால சாயுது. அப்ப யாரு மேல தப்பு?”

ரெங்கராஜ் நெடுநேரம் யோசித்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. பிறகு எழுதினார்: ‘நேற்றுப் பின்னோக்கியும் இன்று முன்னோக்கியும் சாய்வதால், மேற்படி வாகனம் நிலையான குணமற்றது.’

பதினான்காம் தேதி அடைக்கலமேரியும் எங்களோடு வந்தார். மறுநாள் படகு போகிறது என்ற பயத்தில் ஜெரால்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அடைக்கலமேரி வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. முற்றத்தில் போட்டிருந்த ரெங்கராஜின் மேசையைக் குனிந்து பார்த்தார்.

“சார், மேசைக்கு மேக்காப்புறம் மட்டும் ரெண்டு செங்கல் வச்சிருக்கீங்களே, எதுக்குங்க?”

“பேனா உருளுதும்மா.”

“தரை சமம்தானே சார்?”

“தரை சமம்தான். மேசை செஞ்ச ஆசாரி சரியில்ல.”

“எங்க வண்டிக்காரரும் சரியில்ல சார். அதே மாதிரி ரெண்டு கல்லு வச்சுட்டா?”

ரெங்கராஜின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாக அந்த மனிதரும் ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பாவம். முன்மாதிரி இருக்கிறது, அதுவும் அலுவலகத்திலேயே இருக்கிறது. செங்கல் நொறுங்கிவிடும் என்று கோபிநாத்துக்குப் போன் போட்டு, திருமயம் பக்கம் வெட்டிய இரண்டு அங்குலக் கருங்கல் பலகைகளைக் கொண்டுவரச் சொன்னோம். வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்திப் பின்சக்கரங்களைக் கல்லில் ஏற்றியதும் எல்லாம் சமமாகிவிட்டது. சான்றிதழ் கிடைத்தது. கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது: ‘மேற்படி இரு கற்களும் வாகனத்தின் நிரந்தர உறுப்புகளாகக் கருதப்படும். எந்த அலுவலர் எங்கு நிறுத்தினாலும் கற்களை வைத்தே வாகனம் ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும்.’

அடுத்த நாளே படகுகள் போயின. முதல் மீன் கரைக்கு வந்ததும் லோடு ஏறியது. வழியெல்லாம் ஐஸ் போட்டுக்கொள்ள நானும் கூடப் போனேன். செல்வராணி மீனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். காலி வண்டியோடு திரும்பும்போது, அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனை அதிகாரி கையைக் காட்டினார். காகிதத்தை வாங்கி நிபந்தனை வரை படித்தார்.

“கல்ல வைங்க.”

கண்ணாடி மாதிரிச் சமமான ரோடு. ஜெரால்டு கல்லை வைத்துப் பின்சக்கரங்களை ஏற்றினார். வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முகப்பு இரண்டு அங்குலம் தாழ்ந்தது. தடைக்காலத்தில் துறையில் எப்படி நின்றதோ அப்படியே, அதிகாரியைக் கும்பிட்டபடி நின்றது.

“இப்ப லெவலா இருக்கு, போங்க” என்றார் அதிகாரி.

ஜெரால்டு என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

துறைக்கு வந்ததும் சந்தோஷ்குமார் கற்களைப் பார்த்துவிட்டான். கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். “கல்லு எங்கண்ணே வாங்குனீங்க?” என்று கேட்டான். ஒரு வாரத்தில் துறையில் இருந்த எல்லா பிக்கப்பிலும் இரண்டு கல் வந்துவிட்டது. சிலர் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதில் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டார்கள். கோபிநாத் பட்டறை வாசலில் இப்போது கிட்டும் கல்லும் சேர்த்தே விற்கிறார்.

போன மாதம் என் மொபெட்டுக்குப் பதினைந்து வருஷம் முடிந்து, புதுப்பிப்பதற்காக அதே அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. ரெங்கராஜ் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“கையில என்னங்க?”

“கல்லுங்க சார்.”

“மொபெட்டுக்கு எதுக்கு? நான் கேக்கலையே?”

“இருக்கட்டும் சார். எதுக்கும் ஒரு பாதுகாப்பு.”

நான் குனிந்து, பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தேன். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேர் கையிலும் கல் இருந்தது. கடைசியாக நின்ற பெரியவர் பென்ஷன் மனுக் கொடுக்க வந்தவராம்.