பசு தின்ற வீடு

நாரின்,
நவம்பர் 11

மதிப்பிற்குரிய ஜிபார் அக்காவுக்கு, தம்பி ஷாயிர்பெக் நெஞ்சில் கை வைத்து சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி நூர்சாத்தும் உங்கள் மகள் பெகிமாயும் பசுவும் நலம். பசு எங்கள் மூவரையும்விட ஒரு பிடி அதிக நலம்; காரணம் கீழே வரும். உங்கள் நலம் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுகிறவன் கடிதம் எழுதுவானேன் என்று பயந்துவிடாதீர்கள். போனில் பேசும்போது பெகிமாய் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டு உண்மையையும் சொல்ல முடியவில்லை, பொய் சொன்னால் உடனே திருத்துகிறாள். வியாழக்கிழமை நீங்கள் தையல் வேலை பார்க்கும் நோவோசிபிர்ஸ்க்குக் கிளம்பும் லாரிக்காரரிடம் உலர்தயிர் உருண்டைகளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உருண்டையை முதலில் சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

இலையுதிர்கால விடுமுறை விட்ட அன்றே குல்சீனா டீச்சர் பெற்றோர் குழுவுக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். இருபது இலைகளைப் பொறுக்கிக் காயவைத்துப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும், தினமும் வெயிலா பனியா என்று நாட்குறிப்பு எழுத வேண்டும், காய், கிழங்கு, கொட்டை, சருகு இவற்றை வைத்து ‘என் வீடு’ என்ற தலைப்பில் ஒரு கைவேலை செய்து பள்ளி திறக்கும் நாள் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் ‘குழந்தைகளே செய்ய வேண்டும்’ என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறிகள் போட்டிருந்தார். முப்பத்திரண்டு பெற்றோரும் கட்டைவிரலை உயர்த்திச் சம்மதம் சொன்னோம். அன்று மதியத்துக்குள் சந்தையில் பூசணிக்காய் தீர்ந்துபோனது.

எதிர்வீட்டுத் தச்சர் எசென்குலை உங்களுக்குத் தெரியும். போன வருடம் அவர் செய்த காற்றாலை, அவர் மகள் பெயரில் முதல் பரிசு வாங்கியது. அந்த மனிதர் கதவோரம் நின்றுகொண்டு, “என்ன தம்பி, இந்த வருஷமாவது ஏதாச்சும் செய்வீங்களா, இல்ல மின்சார ஆபீஸ்ல லீவு குடுக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். அக்கா, அந்த ஒரு கேள்வியில்தான் நான் கெட்டேன். இலை வேலையை ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தேன். அதே மேசையில் நூர்சாத் தன் ஆஸ்பத்திரிக் கோட்டைத் தேய்த்து மாட்டிக்கொண்டு போய், நாள் முழுக்க முதுகில் ஒரு பாப்லர் இலையோடு ஊசி போட்டிருக்கிறாள். நோயாளிகள் அதை ஏதோ விருது என்று நினைத்தார்களாம். வானிலை நாட்குறிப்பை நாங்கள் மறந்தே போனோம். கடைசி நாள் உட்கார்ந்து பெகிமாய்க்கு நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். “செவ்வாய்க்கிழமை வெயில்னு போடு” என்றேன். “செவ்வாய்க்கிழமைதானே மாமா நீங்க பனியில வழுக்கி விழுந்தீங்க?” என்றாள். ‘பனி. மாமா விழுந்தார்’ என்று எழுதினாள். அந்த நாட்குறிப்பிலேயே உண்மையான வரி அது ஒன்றுதான்.

கைவேலைக்கு நான் பூசணிக்காயில் நம் தாத்தா காலத்து வட்டக் கூடார வீடு ஒன்று செய்தேன். வில்லோக் குச்சியைப் பின்னிச் சுவர்ச்சட்டம், செதுக்கிய கதவு, வாசலுக்கு வாதாங்கொட்டைப் பாதை, உச்சியில் புகைத்துளை. மின்சாரக்காரன் செய்த வீடு இருட்டாக இருக்கலாமா என்று உள்ளே அறுபது வாட் பல்பும் வைத்தேன். பெகிமாய் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “நான் என்ன பண்ணட்டும் மாமா?” என்று கேட்டாள். “நீ அந்தப் பக்கம் உக்காந்து ஏதாச்சும் விளையாடு கண்ணு, இது கத்தி வேல” என்றேன். மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து நான்கு நாள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு ஏதோ செய்தாள். நான்கு நாளும் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

பள்ளி திறக்கும் நாள் காலை, கூடாரத்தைப் பெட்டியில் வைக்க மேசையைக் காலி செய்தேன். ஒரு செருப்புப் பெட்டி மூடியில் வெட்டிய உருளைக்கிழங்கும் சோளத்தோகையும் வால்நட் ஓடுகளும் கிடந்தன. சமையல் கழிவு என்று நினைத்து அப்படியே கொண்டுபோய்ப் பசுவின் தொட்டியில் கொட்டினேன். அது மூடியையும் சேர்த்துத் தின்றது. திரும்பி வந்தால் பெகிமாய் ரிப்பன் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.

“மாமா, என் வீடு எங்க?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது, “டீச்சர்கிட்ட முன்னாடியே குடுத்தனுப்பிட்டேன், நசுங்கிடக் கூடாதுல்ல?” என்பதுதான். அவள் முகம் எவ்வளவு மலர்ந்தது தெரியுமா அக்கா! “நல்ல வேல செஞ்சீங்க மாமா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவரை குதித்துக்கொண்டே வந்தாள்.

கண்காட்சி மேசையில் பூசணிக் கூடாரத்தை வைத்து, பெகிமாய் என்று பெயர் எழுதி, பல்பைப் போட்டேன். எசென்குல் முகம் சுருங்கியதை இரண்டு நிமிடம் ஆசைதீரப் பார்த்தேன். பிறகு ஒரு வாசனை வந்தது. “யாரோ பொரியல் கொண்டுவந்திருக்காங்க போல” என்று ஒரு அம்மாள் சொன்னாள். பல்பின் சூட்டில் கூடாரம் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது. புகைத்துளையிலிருந்து நிஜமாகவே ஆவி வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் கூரை உள்ளே சரிந்தது, சாறு ஒயரில் இறங்கியது, டப்பென்று பள்ளிக்கூடம் முழுக்க விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் என் சட்டைப்பையில் போன் அடித்தது. எங்கள் ஆபீஸ் மேற்பார்வையாளர்: “ஷாயிர்பெக், ஸ்கூல்ல கரண்ட் போயிடுச்சாம். எவனோ ஒரு முட்டாள் எதையோ சொருகியிருக்கான். போய்ப் பாரு.” “அங்கதான் இருக்கேன்” என்றேன். “அதுக்குள்ளயா? பரவால்லியே!” என்று பாராட்டி வைத்துவிட்டார்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. விளக்கு வந்ததும் குல்சீனா டீச்சர் குனிந்து, “பெகிமாய், இத நீயா செஞ்ச?” என்று கேட்டார்.

“இல்ல டீச்சர், இது மாமாவோடது. பாவம், ரொம்ப கஷ்டப்பட்டாரு. என்னோடது உங்ககிட்டதானே இருக்கு? எந்த மேசைன்னுதான் தெரியல, ரெண்டு சுத்து தேடிட்டேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பூசணியைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தருகே அவளை நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டிக்குப் போய்க் கையை விட்டுத் துழாவி, பசு துப்பிவிட்ட வால்நட் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஆறு இருந்தது. கழுவி, படிக்கட்டில் அடுக்கினாள்.

“இதெல்லாம் என்ன கண்ணு?”

“கட்டில். இது கீழ, இது அதுக்கு மேல. அந்தப் பக்கமும் அதே மாதிரி. நடுவுல ஒரு குட்டி மேசை, ஒரே ஜன்னல். மிச்சம் ரெண்டும் இந்தச் சுவத்துல. அம்மாவோட கட்டில் இதுதான், மேல இருக்கறது. உக்காந்தா தல இடிக்கும், அதனால அம்மா படுத்துக்கிட்டேதான் பேசுனாங்க. போன்ல காமிச்சாங்கல்ல?”

“தலைப்பு ‘என் வீடு’தானே? நீ அம்மா இருக்கற இடத்த ஏன் செஞ்ச?”

“நம்ம வீட்டத்தான் நீங்க செஞ்சுட்டு இருந்தீங்களே” என்றாள். “ரெண்டு பேரும் ஒண்ணையே செஞ்சா டீச்சர் திட்ட மாட்டாங்களா?”

அக்கா, தையல் பட்டறை கொடுத்த அறை நல்ல அறை, விசாலமான அறை என்றுதான் இத்தனை நாளும் நீங்கள் சொன்னீர்கள். நானும் அதை ஊரெல்லாம் சொன்னேன். ஆறு பேர் ஒருவர் தலைமேல் ஒருவராகப் படுத்துக் கிடக்கும் அறை என்பது ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் பஸ் ஏறும் முன் நீங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, “என்னடா, போகட்டுமா, இருந்துடட்டுமா?” என்று கேட்டீர்கள். “போங்கக்கா, இன்னும் ஒரு வருஷம்தானே, குழந்தைய நான் பாத்துக்கறேன்” என்றேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன், ஒரே மேசையின் மறுகோடியை நான்கு நாள் பார்க்கவில்லை. இருந்துவிடுங்கள் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பும் அவசரம், எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, நீங்களும் திரும்பக் கேட்கவில்லை. அந்த மேல்கட்டிலை விட்டு இறங்குங்கள் அக்கா. இங்கே இரண்டு அறை இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, ஆனால் உட்கார்ந்தால் தலை இடிக்காது. வந்துவிடுங்கள்.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் தையல் ஊசியால் ஒரு குறையும் வராதிருக்கட்டும். நூர்சாத் சலாம் சொல்கிறாள். எசென்குலும் சொல்லச் சொன்னார். அதை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி
ஷாயிர்பெக்

பி.கு.: லாரிக்காரர் பனியால் இரண்டு நாள் தாமதித்தார். அதற்குள் நேற்று நீங்களே கூப்பிட்டுவிட்டீர்கள். பெகிமாய் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “அம்மா, அந்த அஞ்சு பேரும் எங்க?” என்று கேட்க, நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். “அது ரூமு இல்லடி, ரயிலுடி! பஸ்ஸ விட்டு எறங்கி ரயில்ல வர்ற வழியில பேசுனேன்ல?” என்றீர்கள். போனைச் சுற்றிக் காட்டினீர்கள்: இரண்டே கட்டில், பெரிய ஜன்னல், கூடத் தங்கும் தலாஸ் ஊர்க்காரத் தோழி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நாரினில் ரயில் கிடையாது, குழந்தைக்கு எப்படித் தெரியும்? “ஆனா நீங்க பட்டாளத்துக்கு ரயில்லதானே போனீங்க மாமா?” என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போகவும் வரவும், இரண்டு முறை அதே மாதிரி மேல்கட்டிலில்தான் படுத்திருந்தேன் அக்கா. ஆகவே நல்ல அறை என்று நீங்கள் சொன்னதைச் சந்தேகித்தது, ஆறு பேர், இடிக்கும் தலை என்று மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்று இன்று பேனாவோடு உட்கார்ந்தேன். கடைசியில் ‘வந்துவிடுங்கள்’ என்ற சொல்லுக்கு வந்தேன். காரணம் எல்லாம் போனபிறகு அது மட்டும் எதற்கு என்று அதன்மேலும் பேனாவை வைத்தேன். முழங்கைக்குப் பக்கத்தில் நின்றவள், “அது இருக்கட்டும் மாமா” என்றாள்.